நீலக் கல்

இருபது வருஷத்தில் கடல் எதுவரை வருமோ, அங்கே நீலக் கல் நடுவதுதான் பருவநிலை ஆய்வு மையத்தின் தொழில்நுட்ப உதவியாளர் வேலை. வெளியூர்க்காரர்கள் நட்ட கற்களை ஊரே பிடுங்கி எறிந்ததால், இந்த முறை உள்ளூர்க்காரர்களை எடுத்தார்கள். கல் காணாமல் போனால் நட்டவருக்கு வேலை போய்விடும்.

பிரிஜித்தா தன் முதல் கல்லை, அளவுக் கருவி காட்டியபடி, கடலைப் பார்த்து நிற்கும் தன் வீட்டுக்குப் பின்புறம் நட்டாள்.

அம்மா கடப்பாரையோடு வந்தாள். போன முறை இங்கே நட்ட கல்லைப் பிடுங்கியவள் அவள்தான்.

“வீட்டுக்கு முன்னால ஊனக்கூடாதாட்டி?”

“கருவி காட்டுத இடத்துலதாம்மா ஊனணும்.”

அம்மா கல்லை அசைத்தாள். பிரிஜித்தா தடுக்கவில்லை.

“ஆடுது பாரு. எவனாவது பிடுங்கிட்டான்னா உன் வேலைல்லா போயிரும்” என்றவள், கடப்பாரையைத் திருப்பிப் பிடித்து, கல்லைச் சுற்றி மண்ணை இடித்து இறுக்கினாள்.