ஆறே முக்கால் பாட்டு

அம்மாவைச் சுதர்சனம் கடைசியாக உயிரோடு பார்த்தது அறை வாசலில் நின்றபடிதான்.

குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, மடி வேட்டியோடு நின்றார். உள்ளே போய் எதையாவது தொட்டுவிட்டால் மறுபடியும் குளிக்க வேண்டும்.

"அம்மா, சௌக்கியமா இருக்கியா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

அம்மா கண்ணை மட்டும் திறந்து மூடினாள். கேட்ட திருப்தியோடு அவர் பூஜை அறைக்குப் போனார்.

மணியடித்து, வாய்விட்டுப் பாசுரங்களைச் சேவித்து முடித்து வெளியே வந்தபோது அம்மா போயிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. மனைவி குமுதவல்லி தெருவில் நின்றுகொண்டிருந்தாள்.

இதை அவர் வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னார். ஹார்பர் ஆபீஸ் நண்பர்களிடம் சொன்னார். பதின்மூன்றாம் நாள் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தும் சொன்னார்.

"மூணு வருஷம் படுக்கையில கெடந்தா. உயிர் போற நேரத்துல ஒரு வாய் தீர்த்தம் விட ஆளில்லை. மாட்டுப்பொண் தெருவுல வேடிக்கை பார்த்துண்டிருந்தா."

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வந்து தங்கியிருந்த தங்கை ஜான்ஹவி, அன்றிலிருந்து மன்னி கையால் காப்பி வாங்கிக் குடிப்பதில்லை. குமுதவல்லி யாருக்கும் பதில் சொல்லவில்லை. அதுவும் ஒரு குற்றமாகச் சேர்ந்துகொண்டது.

ஒரு மாதம் கழித்து விஜிலா வந்தாள். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பெண். படுக்கையில் விழுந்த பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றியது ஆராய்ச்சி. கையில் ஒரு குட்டி ஸ்பீக்கர் வைத்திருந்தாள்.

"பேசக் கஷ்டமான விஷயம் சார். அதனால நாங்க நேரா கேள்வி கேக்குறதில்ல. அந்த நாளை எல்லாம் நெனச்சா உங்க மனசுல எந்தப் பாட்டு வருதுன்னு சொல்லுங்க. அதைப் போட்டுக் கேட்டுக்கிட்டே பேசுவோம்."

"துக்கம் நடந்த ஆத்துல பாட்டுக் கச்சேரியா?" என்றாள் ஜான்ஹவி. "இதுக்கு டாக்டர் பட்டம் வேற குடுக்கறாளாமா?"

சுதர்சனத்துக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாட்டு என்று கேட்டுவிட்டாளே.

"ஸ்பீக்கர் எல்லாம் வேண்டாம்மா. நானே பாடறேன்."

முகாரியில் ஒரு பாசுரம் பாடினார். இரண்டு இடத்தில் குரல் தழுதழுத்தது. சுருதி மட்டும் எங்கும் விலகவில்லை.

"இதுதாம்மா நான் அம்மாவுக்குப் பண்ணின கைங்கரியம். ஒரு நாள் தவறினதில்லை. காத்தால அவளை விசாரிச்சுட்டுத்தான் பெருமாள்கிட்டயே போவேன்."

விஜிலா எழுதிக்கொண்டாள். பிறகு படிவத்தைத் திருப்பினாள்.

"பார்த்துக்கிட்டவங்க பேருன்னு இங்கன ஒரு கட்டம் இருக்கு சார். ஒரு வீட்டுக்கு ஒரு பேர்தான் எழுத முடியும். யார் பேரைப் போட?"

"என் பேர்தான். வேற யார் இருக்கா?"

விஜிலா பேனாவை வைக்கப் போனவள், அடுக்களை வாசலில் நின்ற குமுதவல்லியைப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்கு எந்தப் பாட்டு?"

"அவளை விடும்மா," என்றார் சுதர்சனம். "அவளுக்கும் சங்கீதத்துக்கும் ரொம்ப தூரம்."

குமுதவல்லி கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

"வார்த்தை சரியாத் தெரியாது. மெட்டுதான் தெரியும்," என்றாள். அப்புறம் மெதுவாக முனகிக் காட்டினாள். துள்ளலான மெட்டு.

ஜான்ஹவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பார்த்தியா அண்ணா? போனவளை நெனச்சாக்கூட இவளுக்குச் சினிமாப் பாட்டுதான் வரது."

விஜிலாவின் பேனா நின்றது.

"சார், இந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியுதா?"

"எந்தப் படமோ என்னமோ. இந்தக் கண்றாவியெல்லாம் நான் காதால கேக்கறதில்லை."

விஜிலா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குமுதவல்லியிடம் திரும்பினாள்.

"உங்க தெருவுக்கு எத்தனை மணிக்குக்கா வரும்?"

"ஆறே முக்கால்."

"எங்களுக்கு ஏழரை ஆயிரும்," என்றவள் சுதர்சனத்திடம் சொன்னாள். "குப்பை வண்டி சார். அதுல போடுத பாட்டு."

"குப்பை வண்டிக்குப் பாட்டு உண்டா?"

"மூணு வருஷமா நம்மாத்து வாசல்லதான் வந்து நிக்கறது," என்றாள் குமுதவல்லி. "நீங்க மணியடிச்சிண்டிருப்பேள். கேக்காது."

அவளே மேலே சொன்னாள்.

"ராத்திரி அம்மாவுக்கு மாத்தின டயப்பரைப் பேப்பர்ல சுத்தி, வண்டிக்காராளுக்கு இன்னதுன்னு தெரியறதுக்குச் செகப்பு மையால குறி போட்டு, பையில கட்டி வச்சிருப்பேன். வண்டி ஒரு நிமிஷம்தான் நிக்கும். விட்டா மறுநாள் வரைக்கும் பை ஆத்துலயே கெடக்கணும். பெருமாள் இருக்கற இடம், நாத்தம் வரப்படாதும்பார் இவர். அன்னிக்கும் பாட்டு கேட்டுது. 'இதோ வந்துட்டேம்மா'ன்னு சொல்லிட்டுத்தான் பையை எடுத்துண்டு ஓடினேன்."

ஜான்ஹவி தரையைப் பார்த்தாள்.

விஜிலா படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பாமலே மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்து பெரியதாழைக்குப் போறேன் சார். அங்கன மரியான்னு ஒரு தாத்தா படுத்த படுக்கையா கெடக்காரு. டயப்பர் மிச்சம் இருந்தா குடுங்க, அவருக்கு ஆகும். எங்க வச்சிருக்கீங்க?"

கேள்வி சுதர்சனத்திடம்தான்.

அவர் பரணைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார்.

அம்மாவின் கட்டிலுக்கு அடியில், பிரித்த பாக்கெட்டில், ஒன்பது டயப்பர்கள் மிச்சம் இருந்தன.