நாற்பத்தேழாம் புள்ளி

கணினியில் நிரலை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள்.

பதினோராவது தடவை. திரையில் இருநூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள். ஒவ்வொன்றும் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு வீடு. உடைக்கும் இயந்திரத்தை வாங்கிய வீடு சிவக்கும். அதைப் பார்த்து அடுத்த வீடு சிவக்கும்.

நாற்பத்தேழில் தொடங்கினால் பதினாலே மாதம். ஊர் முழுக்கச் சிவந்துவிடுகிறது.

வேறு எங்கே தொடங்கினாலும் நாலைந்து வீட்டோடு நின்றுபோகிறது.

முதல் இயந்திரத்தை யாருக்கு இலவசமாகக் கொடுத்தால் ஊரே வாங்கும்? இயந்திரம் விற்கும் கம்பெனி அவளிடம் கேட்டது அது ஒன்றுதான். மாலைக்குள் பதில் போக வேண்டும்.

நாற்பத்தேழு அவளுடைய அக்கா, அஞ்சலாட்சி.

அக்காவின் கொட்டகையில் முப்பத்தெட்டுப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். இயந்திரம் வந்தால் இரண்டு பேர் போதும். மீதிப் பேர் எங்கே போவார்கள் என்பதற்கு அவள் எழுதிய நிரலில் ஒரு வரிகூடக் கிடையாது. அதை யாரும் கேட்கவில்லை.

தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.



பதிலில் நாற்பத்தேழை அழித்தாள். அந்த இடத்தில் நூற்று மூன்று என்று போட்டாள்.

நூற்று மூன்று யாரோடும் ஒட்டாத மனுஷன். அவர் வாங்கினால் பக்கத்து வீட்டுக் கோழிகூட எட்டிப் பார்க்காது.

அனுப்பிவிட்டாள். பொய்தான். ஆனாலும் மூச்சு சீராக வந்தது.

கொஞ்ச நேரந்தான். போன் அடித்தது.

அக்கா.

"பாப்பா, மிஷின்காரங்க ஊருக்கு வந்திருக்காங்க. உங்க தங்கச்சி கணக்குப் போட்ட மிஷினுங்குறாங்க. காலையிலேருந்து தெருவுல இதான் பேச்சு. நீ நல்லதுன்னு சொல்லிட்டா எல்லாரும் வாங்கிக்கிறோம்னு நிக்கிறாங்க."

யார் யாரைக் கேட்டு வாங்குவார்கள் என்று வீட்டுக்கு வீடு கோடு இழுத்தவள் அவள். தன்னை எங்குமே போடவில்லை.

"அக்கா, கொஞ்சம் தனியா வந்து பேசேன்."

"தனியா என்னாடி? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். வேலை செய்யறவளுவோ எல்லாம் இங்கதான் இருக்காளுவோ. இனிமே கொட்டை எண்ணெய் பட்டுக் கை வெந்து போவாதாமே, நெசமா?"

நிஜம்தான். அதில் மட்டும் அவள் பொய் சொல்ல முடியாது.



போனில் ஒரே சிரிப்பும் சலசலப்புமாக இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் அதட்டியது.

"சும்மா இருங்கடி. பாப்பா சொல்லட்டும்."

எல்லோரும் அடங்கினார்கள்.