நடுவர்

பிரியும்போது எழுதிய ஒப்பந்தத்தில் பெனிட்டா சரியாகப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தாள். மகளைப் பற்றி எந்தத் தகராறு வந்தாலும் கணவன் ரூபஸின் பெரியப்பாவே நடுவராக இருந்து தீர்ப்பார், கோர்ட்டுக்குப் போகக்கூடாது என்று அதில் இருந்தது. பெரியப்பாவும் தீர்த்துவைத்தார்: ஒன்பது வயது ஜோவினா தகப்பனோடு துபாய்க்குப் போகட்டும். பெனிட்டா அதற்குக் கட்டுப்படாமல் குடும்ப நீதிமன்றத்தின் படியேறினாள்.

"இதை இங்கே விசாரிக்கவே முடியாதுங்கய்யா. அந்தம்மாவே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க" என்றார் ரூபஸின் வக்கீல்.

நீதிபதி ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தார். தன் கையாலேயே பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று பெனிட்டா தன்னையே நொந்துகொண்டாள்.

"கொடுக்கல் வாங்கல்னா நடுவர் தீர்க்கலாம்" என்றார் நீதிபதி. "குழந்தை யார்கிட்ட வளரணும்கிறதை அப்படி விட முடியாது. ரெண்டு பேரும் மனசார எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அதைக் கோர்ட்டுதான் பார்க்கணும். பொண்ணு வந்திருக்காளா? என் அறைக்கு வரச் சொல்லுங்க."

ஜோவினாவோடு பெரியப்பாவும் எழுந்தார்.

"நீங்க உட்காருங்க" என்றார் நீதிபதி.

அவர் உட்கார்ந்தார். அவர் யார் சொல்லியும் உட்கார்ந்து பெனிட்டா பார்த்ததில்லை. அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. ஜோவினா அம்மாவையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை; சடையைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு நீதிபதியைத் தொடர்ந்து தனியாக உள்ளே போனாள். உனக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாருமே அவளிடம் கேட்டதில்லை. கதவு சாத்தும்முன்பே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.