ஆறாவது நிபந்தனை

பக்கத்துப் போர்ஷனில் டிரில்லிங் மிஷின் ஓடியது.

தோசையைத் திருப்பப் போனவள் கரண்டியோடு நின்றுவிட்டாள். சுவரில் போடுகிற சத்தம் இல்லை இது. மேலே. சீலிங்கில்.

அவர்கள் குடிவந்து இருபது நாள்கூட ஆகவில்லை. அதற்குள் சீலிங்கில் ஓட்டை!

தோசை கருகியது. கருகட்டும்.

வராந்தாவுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். கதவு திறந்தே கிடந்தது. ஸ்டூல்மேல் ஒரு ஆள் மிஷினோடு நின்றிருந்தான். கீழே அந்த ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தவர் வீட்டுக்காரர் சென்னியப்பன். சாட்சாத் அவரேதான். தலையெல்லாம் சிமெண்டுத் தூள்.

புதிதாக வந்தவள் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிங்ணா. ஃபேனுக்கு இடிக்காம."

தொட்டில் கொக்கி.

எட்டிப் பார்த்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவள் இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருஷம். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை வாடகை ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள். ஒவ்வொரு முறையும் அதே ஆறாவது நிபந்தனை. ஆணி கூடாது, ஓட்டை கூடாது. ஒரு காலண்டருக்குக்கூட அவள் ஆணி அடித்ததில்லை. அலமாரிமேல் சாய்ந்து நின்றே அது வருஷத்தைக் கழித்துவிடும்.

"வாடகைக்கு இருந்தா இந்த அம்மணி மாதிரி இருக்கோணும்" என்று சென்னியப்பன் நாலு பேரிடம் சொல்லுவார். கேட்கக் கேட்க அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

மகள் தர்ணிகா பிறந்தபோது சீலிங்கில் இருந்தது ஃபேன் மாட்டிய கொக்கி மட்டும்தான். ஸ்டாண்டுத் தொட்டில் போட்டால் அறைக்கதவு திறக்காது.

"ஒரு வார்த்த கேட்டுப் பாக்கலாமே" என்றான் கணவன்.

"கேட்டா மூஞ்சி மாறிரும். காலி பண்ணச் சொன்னா பச்சக் கொழந்தையத் தூக்கிட்டு எங்க போறது?"

அவன் அதோடு விட்டுவிட்டான்.

சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கால்மேல் குழந்தையைக் கிடத்தி ஆட்டினாள். முழுசாக ஒரு வருஷம். இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும். குழந்தை தூங்கினாலும் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் அது விழித்துக்கொள்ளும். அப்படியே உட்கார்ந்து சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மனதுக்குள் அங்கே ஒரு கொக்கியைப் போடுவாள். சேலையைக் கட்டுவாள். பிறகு நிபந்தனை ஞாபகம் வந்து அவளே கழற்றிவிடுவாள்.

இப்போது அந்தக் கொக்கி பக்கத்து வீட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

பீரோவைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்தாள்.

சென்னியப்பன் தலையைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தார். வராந்தாவில் மறித்துக் காகிதத்தை நீட்டினாள்.

"எங்களுக்கு ஒரு சட்டம், அவங்களுக்கு ஒரு சட்டமுங்களா?"

நினைத்ததைவிடக் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளே புதியவள் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கண்ணாடியை வேட்டியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆறாவது நிபந்தனையை வாய்விட்டுப் படித்தார்.

"உரிமையாளரின் அனுமதி பெறாமல் ஆணி அடிக்கவோ துளையிடவோ கூடாது."

நிமிர்ந்தார்.

"அந்தப் புள்ள வந்து கேட்டுச்சு. நீங்க ஒரு வார்த்த கேக்கவே இல்லீங்களே, அம்மணி."

அதில் குத்தல் ஏதும் இல்லை. குத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வீட்டுக்குள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை. கணவன் வீட்டில்தான் இருந்தான், எல்லாமே காதில் விழுந்திருக்கும். கருகிய தோசையைக் கல்லிலிருந்து சுரண்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கே சொன்னேனே என்று அவன் ஆரம்பித்திருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். பாவி, கல்லைத்தான் சுரண்டினான்.

ஒப்பந்தத்தை மறுபடி படித்தாள். அனுமதி பெறாமல். ஆறு வருஷமாக அந்த இரண்டு சொல்லும் அங்கேதான் இருந்திருக்கின்றன.

பொறாமை போய்விடும் என்று பார்த்தால், கூடித்தான் போனது. தொட்டிலைக்கூட விட்டுவிடலாம். போய்க் கேட்க அந்தப் பெண்ணுக்கு ஒரு வாய் இருந்ததே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மத்தியானம் பக்கத்துச் சன்னலிலிருந்து சத்தம் வந்தது.

கிரீச். கிரீச்.

தர்ணிகா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நாலரை வயது. கேள்விக்குப் பஞ்சமே இல்லை.

"அம்மா, எனக்கும் தொட்டில் கட்டுனீங்களா?"

"கட்டுனேன்."

யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"எங்க?"

குழந்தை அண்ணாந்து தேடியது. அவளும் தேடினாள். வழுவழுவென்று வெள்ளைச் சீலிங். ஆறு வருஷமாக அவள் பெருமையாகக் காப்பாற்றி வந்தது. பொட்டளவு ஓட்டைகூட அதில் இல்லை.

சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். காலை நீட்டினாள்.

"இங்க."

தர்ணிகா சிரித்துக்கொண்டே ஏறிப் படுத்தாள். பாரம். முழங்கால் மடங்கி அம்மா வயிற்றில் இடித்தது. ஒரு கை தரையில் கிடந்தது.

ஆட்டினாள்.

கிரீச். கிரீச்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்துச் சத்தம் நின்றது. அந்தக் கைக்குழந்தை தூங்கியிருக்கும்.

இவள் நிறுத்தவில்லை.