கண்டெடுத்த கல்

1975. தொல்லியல் ஆராய்ச்சிப் படிப்புக்கு ஒரே இடம். நேர்முகத் தேர்வுக்கு வந்த அழகுத்தாயின் முன், மேசையில் ஒரு கல்லை வைத்தார் பேராசிரியர் சங்கரநாராயணன்.

“சூரியநெல்லியில நான் கண்டெடுத்தது. இந்தப் பள்ளமெல்லாம் எப்படி வந்தது?”

“கத்தி தீட்டுன தடம் சார்.”

“கற்காலத்துல ஏதும்மா கத்தி? இதென்ன உன் வீட்டு அடுப்படியா? கல்கோடாலி தீட்டின தடம். மூணு கட்டுரை எழுதியிருக்கேன், படிக்கலையா?”

“படிச்சேன் சார். அங்க எஸ்டேட்டுல தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுற கத்தி அது. கல்லைப் புரட்டிப் பாருங்க.”

தேர்வுக்குழுத் தலைவர் புரட்டினார். அடியில் ‘பெரியமுத்து, 1961’ என்று கொத்தியிருந்தது.

“யாரும்மா இது?”

“எங்கப்பா சார். கல்லைக் காணோம்னு மூணு வருஷமா தேடுதாரு.”

இடம் அழகுத்தாய்க்கே கிடைத்தது. ஆய்வுத் தலைப்பையும் தலைவரே கொடுத்தார்: ‘பேராசிரியர் சங்கரநாராயணன் கண்டெடுத்த மற்ற கற்கள்.’