மணி பார்க்கும் சாட்சி

"மார்ச் 9, திங்கள். இன்றைய பிழை: யாருக்கும் தெரியாமல் படம் எடுக்கப் போய், கடிகாரத்தின் அலாரத்தை அலறவிட்டேன்."

எழுதியதும் 'அலறவிட்டேன்' மிகையோ என்று சந்தேகம் வந்தது. அடித்துவிட்டு 'ஒலிக்கவிட்டேன்' என்று மாற்றினான். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனை, மாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வகுப்பு, படுக்குமுன் நாட்குறிப்பு. கடையில் அவனுக்குப் பெயரே 'டைரி'தான்.

சில வாரங்களாகக் கடையில் விலை உயர்ந்த ஃபிரேம்கள் ஒவ்வொன்றாக மாயமாகிக்கொண்டிருந்தன. கதவு உடையவில்லை, பூட்டு நெளியவில்லை. உள்ளே இருப்பதோ மூன்றே பேர். முதலாளி தன் கடையில் தானே திருட மாட்டார். தான் திருடவில்லை என்பது டைரிக்குத் தெரியும். மீதி, உள்ளறையில் லென்ஸ் அறுத்துப் பொருத்தும் அக்கா.

"யாருன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள தெரியலைன்னா அந்தம்மாவை நிறுத்திடுவேன், தம்பி. எனக்கு வேற வழி தெரியல," என்றார் முதலாளி.

அக்கா வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். ஆதாரம் இல்லாமல் பழி போடுவது பாவம் என்று டைரிக்குப் பட்டது. "நான் ஆதாரம் தரேன் சார்," என்று வாய் முந்திக்கொண்டது. சேமிப்பைக் கரைத்து, டிஜிட்டல் கேமரா வைத்த கைக்கடிகாரம் ஒன்று வாங்கினான். முகப்பில், பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில், கடுகளவு கண். பக்கவாட்டில் பொத்தான். எடுத்த படத்தைக் கணினியில் செருகித்தான் பார்க்க முடியும். கணினி இருப்பது முதலாளியின் மேசையில்.

செவ்வாய்க்குள் கை பழகிவிட்டது. விற்பனையும் கெடவில்லை. வெறும் ஃபிரேமை மாட்டிக்கொண்டால் பார்வை மங்கியவருக்குத் தன் முகமே தெரியாது அல்லவா? அதனால் கேட்டதையெல்லாம் டைரியே போட்டுக் காட்டுவான். நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு அடுத்ததை எடுப்பான். நடுநடுவே உள்ளறைப் பக்கம் திரும்பி, மணி பார்ப்பதுபோல் கையைத் தூக்கி ஒரு 'கிளிக்'.

கடை மூடிய பிறகும் வேட்டை தொடர்ந்தது. இருவருக்கும் ஒரே பஸ். அக்காவின் மடியில் ஒரு துணிப்பை. அதை அவர் அணைத்துக்கொண்டிருந்த விதமே சரியில்லை. செவ்வாய்க்கிழமை மாலை எதிர் இருக்கையில் உட்கார்ந்து மணி பார்த்தான். இன்னொரு முறையும் பார்த்தான்.

"என்ன டைரி, மணியை முழுங்கிடுவே போலிருக்கே? யாராவது காத்துட்டிருக்காளா?"

"வகுப்புக்கு நேரமாச்சுக்கா."

அக்கா சிரித்தார். ஆனால் பார்வை அவன் கண்ணைச் சந்திக்கவில்லை. அவன் தலைக்கு மேல் எங்கோ போய் வெடுக்கென்று திரும்பியது. அப்புறம் இறங்கும்வரை முகத்தை ஜன்னலுக்கே கொடுத்திருந்தார்.

'குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்' என்று எழுதி அடிக்கோடிட்டான் டைரி.

வெள்ளி மாலை முதலாளி அக்காவையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு கடிகாரத்தைக் கணினியில் செருகினார்.

"நான் எடுக்கலைங்க. பையில சாப்பாட்டு டப்பாதான் இருக்கு. பிரிச்சு வேணாலும் பாருங்க." அக்கா பையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"படம் பேசட்டும்மா."

முதல் படம்: இரண்டு மூக்குத் துவாரங்கள். அடுத்தது, கீழிருந்து ஒரு தாடை. அதற்கடுத்தது, மிகக் கவனமாக மணி பார்க்கும் இரண்டு கண்கள்.

டைரிக்கு அப்போதுதான் உறைத்தது. மணி பார்க்கத் தூக்கிய கடிகாரம், தூக்கியவன் முகத்தைத்தானே பார்க்கும்! வாரம் முழுவதும் அவன் உளவு பார்த்தது தன்னைத்தான்.

"திருடனைப் புடிடான்னா பாஸ்போர்ட் ஃபோட்டோ எடுத்திருக்கே!" முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். மேலும் தட்டினார். கடையில் டைரி, பஸ்ஸில் டைரி, மறுபடி பஸ்ஸில் டைரி. அவனுக்குக் காது சுட்டது. எங்காவது ஓர் ஓரத்தில் அக்காவின் விரலாவது தெரியாதா என்று தேடினான். இல்லை.

முதலாளி பெருமூச்சுவிட்டார். "ஆதாரம்னு ஒண்ணும் இல்ல. ஆனா கெடு கெடுதான். ஏம்மா, நாளையிலேர்ந்து நீ..."

"இருங்க," என்றார் அக்கா. திரையை உற்றுப் பார்த்தார். "அந்த பஸ் படத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்க."

முதலாளி பெரிதாக்கினார். டைரியின் முகம், அதற்குப் பின்னால் பஸ் ஜன்னல். முகத்துக்கு மேலே, அடர்ந்த சுருள்முடிக்குள் சொகுசாக உட்கார்ந்திருந்தது ஒரு தங்க நிற ஃபிரேம். மறுநாள் பஸ் படத்தில் ஆமை ஓட்டு நிறத்தில் ஒன்று. அதற்கு மறுநாள் விளிம்பில்லாதது.

"நீங்கதான் அவனுக்கு தினம் ஒண்ணு சும்மா குடுக்குறீங்கன்னு நெனச்சேன்," என்றார் அக்கா. "எனக்கு ஒண்ணுகூட இல்லையேன்னு வயித்தெரிச்சல். அதான் பஸ்ல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்."

முதலாளி டைரியைப் பார்த்தார். டைரி மெல்லக் கையைத் தூக்கித் தன் தலையைத் தடவினான். அன்றைக்கு அங்கே இருந்தது ஒரு கறுப்பு ஃபிரேம்.

அன்றைய நாட்குறிப்பில் ஒரே வரி:

"நாளைய வேலை: வகுப்புக்குச் சீக்கிரமே போய், தினமும் நான் தலைசாய்த்துத் தூங்கும் கடைசி பெஞ்சுக்கு அடியில் திருட்டுச் சொத்தைத் தேட வேண்டும்."