பதினோராயிரத்து முப்பத்தாறு

கல்லடி வீட்டில் நின்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு வயது முப்பத்தைந்து. மீற்றரோ பதினோராயிரத்து நாற்பது கிலோமீற்றரையே காட்டியது. விலை பேச வந்த விஜிதரன் அதை நம்பவில்லை. பதிவுப் புத்தகத்தில் தொடக்கம் முதல் ஒரே உரிமையாளர், இராசாத்தி. எதிரே நின்று தன்னை இராசாத்தி என்றவளுக்கு முப்பது வயதும் இராது.

"மீற்றரும் பொய், ஆளும் பொய். அரை விலைதான், தங்கச்சி."

"ஓடிப் பாத்திட்டுக் கதையுங்க," என்று சாவியை எறிந்தாள். "நான் ஏறமாட்டன்."

பாலம் வரை ஓட்டித் திரும்பினான். மீற்றர் பதினோராயிரத்து முப்பத்தாறு என்றது. விலையைக் குறைப்பதற்காக அவன் குறித்து வைத்த கதவுக் கீறல் அங்கே இல்லை. அவனது பெருவிரலில் பத்து வருடமாக இருந்த தழும்பும் இல்லை.

உள்ளேயிருந்து தலை நரைத்த ஒருவர் வெளியே வந்தார். விஜிதரனை முறைத்துவிட்டு, அவளிடம் சொன்னார்:

"அரை விலையெண்டாலும் குடுத்திடுங்கம்மா. இனி நீங்க இதை ஓடினா, என்னைப் பெத்ததே உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

விஜிதரன் சாவியைத் திருப்பி நீட்டினான். இராசாத்தி இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.